டாக்டரிடம் தமிழில் பேசுங்கள்... ஃபைலை இங்கிலீஷில் படியுங்கள்!

குடுமியான்மலைக்குப் போனவர்கள் அந்தக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். சிகாநாத சுவாமி கோயிலில், மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில் அகலமாக வெட்டியிருக்கிறார்கள். 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இசைக் கல்வெட்டு. எழுத்து பல்லவ கிரந்தம், மொழி சம்ஸ்கிருதம். உருத்திராச்சாரியாரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தார் என்று முடிவில் குறிப்பும் இருக்கிறது. மாணவர்களுக்காக வெட்டியதுதான். ஆனால், இன்று அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

அதே ஊர் பஸ் ஸ்டாப்பில், புதுக்கோட்டைக்குப் போக நிற்கும் பெரியவர்களின் மஞ்சள் பைக்குள் இன்னொரு ‘கல்வெட்டு’ இருக்கும். ஆஸ்பத்திரி ஃபைல். ரத்தப் பரிசோதனைத் தாள், ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு. எல்லாமே அவர் நன்மைக்காக எழுதப்பட்டவை. எல்லாமே இங்கிலீஷில் எழுதப்பட்டவை. அவருக்குத் தெரிந்தது, அந்த ஃபைலைத் தொலைக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

உடம்பைப் பற்றிய இங்கிலீஷ் வார்த்தைகளை நாம் எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஹெட், நோஸ், ஐஸ், இயர்ஸ் என்று தொட்டுக்காட்டிப் பாடவும் பாடினோம். பிரச்னை என்னவென்றால், எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ‘நோஸ்’ என்று எழுதியிருக்காது. ‘நேசல்’ என்றுதான் இருக்கும். ‘கிட்னி’ என்று இருக்காது, ‘ரீனல்’ என்று இருக்கும். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த வார்த்தைக்கும் ஃபைலில் இருக்கும் வார்த்தைக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் 90 மார்க் எடுத்த பேத்தியால்கூட தாத்தாவின் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

ஒரு வார்த்தையின் விலை

ஒரே ஒரு வார்த்தை தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்க மருத்துவ மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. 1980-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞன் ஒருவன் சுயநினைவு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டான். குடும்பம் கியூபாவிலிருந்து வந்தது, ஸ்பானிஷ் பேசுபவர்கள். அவர்கள் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். அவர்கள் பேச்சு வழக்கில், சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டுவிட்டது என்று பொருள். டாக்டர்கள் காதில் அது ‘இன்டாக்ஸிகேட்டட்’ என்று விழுந்தது. போதை மருந்து அதிகமாக எடுத்துவிட்டான் என்று நினைத்து அதற்கான சிகிச்சையை ஆரம்பித்தார்கள். உண்மையில் அவனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டு கையும் இரண்டு காலும் செயலிழந்தன. பிறகு நடந்த வழக்கில், வாழ்நாள் முழுக்க சேர்த்து சுமார் 7.1 கோடி டாலர் வரை இழப்பீடு என்று முடிவானது.

கவனியுங்கள், அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் அலட்சியமாகவும் பேசவில்லை. இரண்டு பக்கமும் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நம்பினார்கள். அதுதான் ஆபத்து.

நம் ஊரில் இதற்கு இணையான வார்த்தை ‘கேஸ்’. நெஞ்சு கனக்கிறது, வியர்க்கிறது, இடது தோள் வலிக்கிறது... ஆனால் வாயில் வரும் வார்த்தை ‘கேஸ் ட்ரபிள்’. உடனே ஒரு சோடா. அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னதும் நமக்கே நோய் என்னவென்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ‘நெஞ்சுல கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்கு’ என்று தமிழில் சொல்லியிருந்தால், கேட்பவர் அடுத்த நிமிடமே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லியிருப்பார்.

கையா, காலா, எந்த இடம்?

தமிழும் இங்கிலீஷும் உடம்பைப் பங்கு போட்டிருக்கும் விதமே வேறு. நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை ‘கை’. இங்கிலீஷ்காரருக்கு மணிக்கட்டுக்கு மேலே ‘ஆர்ம்’, கீழே ‘ஹேண்ட்’. கால் என்று நாம் சொல்வதில் ‘லெக்’ பாதி, ‘ஃபுட்’ மீதி. கையில் இருப்பதும் விரல், காலில் இருப்பதும் விரல். அவர்களுக்கு ஒன்று ‘ஃபிங்கர்’, மற்றது ‘டோ’.

தமிழில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. முழங்கை - முழங்கால். உள்ளங்கை - உள்ளங்கால். ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடும். இங்கிலீஷில் அந்தச் சலுகை இல்லை. எல்போ, நீ, பாம், சோல் என்று நான்கையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். நம் குழந்தைகள் ‘ஹேண்ட் எல்போ’ என்று உளறினால் சிரிக்காதீர்கள். அது தமிழ் மூளை சரியாக வேலை செய்வதற்கான அடையாளம்.

உள்ளே இருக்கும் உறுப்புகளிலும் இப்படித்தான். கறிக்கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஈரல் வகைகள் அத்துப்படி. கல் மாதிரி கெட்டியாக இருப்பது கல்லீரல். நுரை நுரையாக, லேசாக இருப்பது நுரையீரல். மண்ணீரலைக் கடையில் ‘சுவரொட்டி’ என்பார்கள். சிறுநீர் உண்டாகும் அகம் சிறுநீரகம். இரை போகும் பை இரைப்பை. பெயரே பாடம் நடத்துகிறது. ‘ஸ்ப்ளீன்’ என்ற சொல்லை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது எதைக் குறிக்கிறது என்று ஒரு துப்பும் கிடைக்காது.

சில இடங்களில் நம் சொல்தான் சிக்கல். ‘மார்பு’ என்று தமிழில் சொன்னால் நெஞ்சுப் பகுதியும் அதுவே, பெண்களின் மார்பகமும் அதுவே. இங்கிலீஷில் ‘செஸ்ட்’ வேறு, ‘பிரெஸ்ட்’ வேறு. மார்பகத்தில் தட்டுப்படும் சிறு கட்டியைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பும் பெண்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூச்சமாக இருந்தால் இங்கிலீஷ் வார்த்தையையே பயன்படுத்துங்கள். ‘பிரெஸ்ட்ல கட்டி’ என்று சொல்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. அந்நிய மொழியால் கிடைக்கும் ஒரு வசதி இது.

‘மயக்கம்’ இன்னொரு குழப்படிச் சொல். தலை சுற்றினாலும் மயக்கம், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம், நினைவே இல்லாமல் விழுந்து கிடந்தாலும் மயக்கம். டாக்டருக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு பாதைகள். வீடே சுற்றுகிற மாதிரி இருப்பது ‘வெர்டிகோ’. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பில் கோளாறு இருந்தால் இப்படி ஆகலாம். சில நொடிகள் நினைவு தப்பி விழுந்து, தானே எழுந்துகொள்வது ‘சின்கோப்’. அதற்கு இதயத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். ‘கிறுகிறுன்னு வந்துச்சா, இருட்டிக்கிட்டு வந்துச்சா, விழுந்துட்டீங்களா?’ என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

‘பெயின்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

வலி விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் இங்கிலீஷ் தெரிந்த உறவினரால் நஷ்டம் அதிகம். பாட்டி, ‘முட்டியில குடையுது, ராத்திரியில விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்பார். கூட வந்த பேரன் அதை மொழிபெயர்த்து, ‘நீ பெயின் டாக்டர்’ என்பான். பாட்டி கொடுத்த தகவலில் முக்கால்வாசி அங்கேயே காணாமல் போகிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், 1975-ல் வலியை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். நோயாளிகள் வலியைப் பற்றிச் சொல்லும் 78 வார்த்தைகளை வகை வகையாகப் பிரித்து அதில் அடுக்கியிருந்தார். வலி எவ்வளவு என்பதோடு, எப்படிப்பட்ட வலி என்பதும் நோயைக் கண்டுபிடிக்க உதவும் என்பதுதான் அதன் அடிப்படை. மருத்துவ உலகத்தில் இன்றும் அதற்கு மரியாதை உண்டு.

நம் பாட்டிகளிடம் அந்தக் கேள்வித்தாள் அச்சடிக்காமலே இருக்கிறது. குத்துகிறது, எரிகிறது, இழுக்கிறது, பிசைகிறது, கடுக்கிறது, உளைகிறது, குடைகிறது, சுருக்கென்று தைக்கிறது, மதமதவென்று இருக்கிறது, மரத்துப்போகிறது. இவற்றில் ‘விண் விண்’ என்பதற்கு இங்கிலீஷில் ‘த்ராபிங்’. பிசைவது ‘கிராம்ப்’. மரத்துப்போவது ‘நம்ப்னெஸ்’. ஊசி ஊசியாகக் குத்துவது ‘டிங்ளிங்’. சர்க்கரை நோயாளி ஒருவர் ‘பாதம் மரத்துப்போச்சு, செருப்பு கழன்டதே தெரியலை’ என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே நரம்பு பாதிப்புக்கான எச்சரிக்கை இருக்கிறது. அதைக் ‘கால் வலி’ என்று சுருக்கிவிட்டால் வலி மாத்திரைதான் கிடைக்கும்.

அதனால், புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ தமிழ் தெரிந்த டாக்டரிடம் போகும்போது உங்களுக்கு வாயில் எது வருகிறதோ அந்தத் தமிழிலேயே சொல்லுங்கள். அரைகுறை இங்கிலீஷ் வேண்டாம். 108-க்கு போன் செய்தாலும் அப்படியே. மகன் வீட்டுக்கு லண்டன் போயிருக்கும் அப்பா, அம்மாவுக்கும் ஒரு தகவல். அங்கே அரசு மருத்துவச் சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். மருமகள் லீவு போட்டுக் கூட வர வேண்டிய அவசியமில்லை.

தமிழைத் தேடிப் போன டாக்டர், இங்கிலீஷைத் தேடிப் போன பெண்

நோயாளி டாக்டரின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டுமா, டாக்டர் நோயாளியின் மொழியையா? இந்தக் கேள்விக்கு 19-ம் நூற்றாண்டிலேயே ஒருவர் செயலில் பதில் சொன்னார். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர். 1847-ல் மிஷனரி மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் சிகிச்சை கொடுத்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவமும் கற்றுக்கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான் நடத்தினார். ஆனால் இங்கிலீஷில் படித்தவர்கள் நல்ல சம்பளத்தைத் தேடி நகரங்களுக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் போக, கிராமம் பழையபடி வைத்தியரில்லாமல் கிடந்தது. 1860-களில் அவர் ஒரு முடிவு எடுத்தார். இனி மருத்துவக் கல்வி தமிழில்.

சொன்னால் போதுமா? புத்தகம் வேண்டுமே. அவரும் அவருடைய மாணவர்களுமாக உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். 1867-ல் அறுவை சிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’, 1872-ல் உடற்கூறுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-ல் வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று நூல்கள் வந்தன. கலைச்சொல் பட்டியல்களும் தயாராயின. பெயர்கள் இன்றைய காதுக்குக் கரடுமுரடாக இருக்கலாம். அங்காதிபாதம் இன்று உடற்கூறியல் ஆகிவிட்டது, இரண வைத்தியம் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. என்றாலும், தமிழிலேயே படித்து டாக்டரானவர்கள் 150 வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1884-ல் கிறீன் சொந்த ஊரில் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்றுதான் தன் கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார்.

எதிர்த் திசையில் நடந்தவர், நம் புதுக்கோட்டைப் பெண் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் பிறந்தவர். பெண்களைச் சேர்க்காத மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளை மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் சேர்ந்து படித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். முழுக்க முழுக்க இங்கிலீஷ் படிப்பு. அதைப் படித்து முடித்தபின் அவர் எங்கே நின்றார் என்பதுதான் முக்கியம். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த அவர், அதற்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று வருஷக்கணக்கில் அலைந்தார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. இன்று அவர் பிறந்தநாளான ஜூலை 30-ஐ தமிழக அரசு மருத்துவமனைகள் ‘மருத்துவமனை நாள்’ என்று கொண்டாடுகின்றன.

பேச்சு வந்ததால் ஒரு சின்னச் சேதி. ‘கேன்சர்’ என்றால் லத்தீனில் நண்டு. கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டுக் கால் போலத் தெரிந்ததால் அந்தக் காலத்து கிரேக்க வைத்தியர்கள் வைத்த பெயர். நமக்கு அது கரையான் புற்றாகத் தெரிந்திருக்கிறது.

முத்துலட்சுமி மாதிரி டாக்டருக்குப் படித்தால்தான் ஃபைல் புரியும் என்று இல்லை. இதே மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்த, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். அன்று கற்றுக்கொண்ட அக்காக்களுக்கு இன்று 60 வயதுக்கு மேல். பஸ் போர்டைப் படிக்கக் கற்ற அதே கண்களுக்கு முன்னால் இப்போது மாத்திரைச் சீட்டு இருக்கிறது.

ஃபைலைப் பிரிப்போம்

முடியுமா என்று கேட்பவர்களுக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துகிறேன். ஸ்வாப், குவாரன்டீன், ஆக்சிஜன் லெவல், பாசிட்டிவ், நெகட்டிவ். இரண்டே மாதத்தில் டீக்கடை வரை எல்லோருக்கும் இவை புரிந்தன. உயிர் பயம் வந்தால் வார்த்தை தானாக ஒட்டிக்கொள்கிறது. அதற்கு முன்பு ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்தால் முகம் வாடியவர்கள் உண்டு. தேடிய கிருமியோ கோளாறோ இல்லை என்பதுதானே அதன் பொருள்? சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை.

இப்படி முகத்தை மாற்றிக் காட்டும் வார்த்தைகள் ரிப்போர்ட்டில் இன்னும் இருக்கின்றன. ‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் சொல்லும்படி எதுவும் இல்லை, அதாவது நல்லபடியாக இருக்கிறது. ‘அக்யூட்’ என்றால் முற்றிவிட்டது என்று நினைத்துப் பயப்படுகிறோம். திடீரென்று வந்தது என்பதே சரி. அதன் ஜோடி ‘கிரானிக்’, நாள்பட்டது. ‘பினைன்’ என்று கட்டியைப் பற்றி எழுதியிருந்தால் அது புற்று அல்ல. ‘மாலிக்னன்ட்’ என்றால் புற்று. ‘கல்ச்சர்’ என்றால் பண்பாடு இல்லை, சிறுநீரிலோ சளியிலோ கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது. ‘ஸ்டூல்’ டெஸ்ட்டுக்கும் முக்காலிக்கும் சம்பந்தமில்லை என்பதை லேப் வாசலில் வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவதைவிட வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது.

‘ஸ்ட்ரோக்’ என்பதை ஹார்ட் அட்டாக் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஸ்ட்ரோக் மூளைக்கு வருவது, நம் பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க வரவில்லையா, பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ‘எப்போ ஆரம்பிச்சுது?’ என்பதுதான் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

அடுத்து, ஒரே எழுத்தில் உலகமே மாறும் ஜோடி. ‘ஹைப்பர்’ என்றால் அதிகம், ‘ஹைப்போ’ என்றால் குறைவு. ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம். ஹைப்போதைராய்டு, தைராய்டு சுரப்பு குறைவு. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது ‘ஹைப்போகிளைசீமியா’. சர்க்கரை 70-க்குக் கீழே போவது. வியர்த்துக்கொட்டும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, 108-தான். ‘சுகர்காரருக்கு சர்க்கரை கொடுக்கலாமா?’ என்று அந்த நேரத்தில் பட்டிமன்றம் நடத்தும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி போர்டுகள் தனி ரகம். நெஃப்ராலஜி, நியூராலஜி, யூராலஜி. கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது சிறுநீரகத்துக்கு, இரண்டாவது மூளை - நரம்புக்கு, மூன்றாவது சிறுநீர்ப் பாதை, ப்ராஸ்டேட், கல் அடைப்பு போன்றவற்றுக்கு. தப்பான வரிசையில் அரை நாள் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதில் ஆறுதலான விஷயம், இது நம் இங்கிலீஷ் அறிவின் குறை இல்லை. கிட்னி என்பது இங்கிலீஷ், ரீனல் லத்தீன், நெஃப்ரோ கிரேக்கம். ஒரே உறுப்புக்கு மூன்று மொழியில் பெயர். இங்கிலாந்தில் பிறந்த ஆளும் இதைத் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நமக்குச் சிறுநீரகம் என்ற ஒரு சொல் எல்லா இடத்துக்கும் போதும்.

வால்களையும் கவனியுங்கள். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, அதாவது வீக்கமும் புண்ணும். ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்துவிட்டார்கள். ‘ஸ்கோப்பி’ என்று முடிந்தால் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. ஹிஸ்டரெக்டமி என்று அம்மாவின் பழைய ஃபைலில் இருந்தால், கருப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. அம்மாவே அதை ‘ஏதோ ஒரு ஆபரேஷன்’ என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

மாத்திரைச் சீட்டில் இருப்பது பாதி லத்தீன். ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசி ஒன்றைத் தெரியாமல் வலி மாத்திரையைத் தினமும் மூன்று வேளை விழுங்குபவர்கள் உண்டு. சில கண் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் அதே ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கும். எனவே சொட்டு மருந்து எந்தக் கண்ணுக்கு, எத்தனை தடவை என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதும்போது நாமே உண்டாக்கும் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. ரத்த அழுத்தமும் பி.பி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையும் பி.பி. நம் எழுத்தில் வித்தியாசமே காட்ட முடியாது, பலருடைய உச்சரிப்பிலும் முடியாது. ‘பி.பி. பார்த்துட்டு வாங்க’ என்று சொன்னால், ‘பிரஷரா, சாப்பிட்ட பிறகு சுகரா?’ என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

முழுகாத கணக்கு

கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு மூன்றெழுத்து ஒன்று. எல்.எம்.பி. கடைசி மாதவிடாயின் முதல் நாள். அதிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் தேதியைக் கணக்கிடுகிறார்கள். ஃபைலில் அது இ.டி.டி. என்று இருக்கும். ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு. கர்ப்பமாக இருப்பதையே ‘முழுகாம இருக்கா’ என்றுதானே சொல்கிறோம்? மாதவிடாய் முடிந்து தலைக்குக் குளிக்கிற நாளை வைத்துப் பிறந்த சொல் அது. ‘கடைசியா எப்பம்மா?’ என்று நர்ஸ் கேட்கும்போது, மாமியார் முந்திக்கொண்டு தலைக்குக் குளித்த தேதியைச் சொல்லிவிட்டால், கணக்கில் சில நாள் பிசகும். ஆரம்பத்தில் எடுக்கும் ஸ்கேனில் இது சரியாகிவிடும் என்றாலும், கேட்கப்படுவது எந்த நாள் என்று புரிந்து சொல்வது பெண்ணுக்கு நல்லது. காலண்டரில் முதல் நாளை வட்டமிட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் மாமியாரோடு வாதமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும். வீட்டு ஃபைலை எடுத்துத் தரையில் பரப்புங்கள். தாத்தாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டயக்னோசிஸ்’ என்ற இடத்தைத் தேடுங்கள், அதுதான் நோயின் பெயர். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கடைசியில் வரும் ‘இம்ப்ரெஷன்’ என்ற பகுதி, மொத்தத்தின் சுருக்கம். பேரனையோ பேத்தியையோ ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் பென்சிலால் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தெரியாததை ஒரு தாளில் தனியாக எழுதி, அடுத்த முறை நர்ஸிடமோ, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமோ கேளுங்கள். கூகுளில் தேடுவதைவிட அது நல்லது. கூகுள் எந்த வார்த்தையைப் போட்டாலும் கடைசியில் கேன்சரில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வையுங்கள்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற ‘அலர்ஜி’ விவரம், ரத்த வகை, தினமும் எடுக்கும் மாத்திரைகள், செய்த ஆபரேஷன்கள், கூப்பிட வேண்டிய போன் நம்பர். பெனிசிலின் அலர்ஜி இருப்பவர்கள் அதே விவரத்தை ஒரு சின்ன அட்டையில் எழுதி பர்ஸிலும் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் ஃபைல் வீட்டிலேயே இருந்துவிடலாம், பர்ஸ் கூடவே வரும்.